ஏலம் போகாத நாகலிங்கம்

நேற்று சேவூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்மணியின் பையில் இரண்டு நாகலிங்கப் பூக்கள். கோயிலுக்குப் போகிறார் போலும். அந்த வாசனையில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு அதில் நஷ்டமில்லை.

ஆரணியில் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலக வளாகத்தில் ஒரு நாகலிங்க மரம் நின்றது. நுனிக்கிளையில் பூக்கிற நாகரிகம் அதற்குக் கிடையாது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். உள்ளே லிங்கம், மேலே படமெடுத்த நாகம் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். மரத்தின் சொந்த ஊரோ தென்னமெரிக்க மழைக்காடு. பீரங்கிக் குண்டு மாதிரிக் காய் விழுந்து உடைந்தால், அங்கே அந்த நாற்றத்துக்குக் காட்டுப்பன்றிகள் ஓடிவந்து தின்று விதையைப் பரப்புமாம். இங்கே காய் விழுந்தபோது அதிகாரி ஓடிவந்தார். விழுந்தது அவருடைய புது ஜீப்பின் மேல்.

"நாளைக்கே வெட்டிடுங்க" என்றார்.

தட்டச்சர் கோமதி அம்மாவின் முகம் வாடிவிட்டது. புதுப் பாவு நூல் ஏற்றும் நாளில் அந்தப் பூவைத் தறிமேல் வைக்காமல் அவர் கணவர் நெய்ய உட்கார மாட்டார். நான் விதியைச் சொன்னேன்: அரசு மரத்தை ஏலம் விட்டுத்தான் வெட்ட முடியும். விதி தெரிந்தவனை அதிகாரிகளுக்குப் பிடிக்காது. ஆனால் மீறவும் பயம்.

ஏலத்துக்கு வந்தவர் வந்தவாசி மரவியாபாரி ஒருவர்தான். அடிமரம் முழுக்கப் பூத்திருந்தது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"ஏலம் கேக்க வந்தீங்களா, சாமி கும்பிட வந்தீங்களா?" என்றார் அதிகாரி.

"கேக்கத்தாங்க வந்தேன். சிவன்மேல ரம்பம் வெச்சிட்டு வூட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி சோறு போடமாட்டா. நீங்க ஜீப்ப அப்பால நிறுத்திக்கோங்களேன்."

"அதுக்கு ஏலம் வேணாங்க ஐயா" என்றார் ஜன்னலுக்கு உள்ளே இருந்த கோமதி அம்மா, தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

மறு ஏலம் வைத்தோம், அதற்கும் மறு ஏலம் வைத்தோம். யாரும் வரவில்லை. கடைசியில் ஜீப்தான் நகர்ந்தது. அன்று கோமதி அம்மா எல்லாருக்கும் போண்டா வாங்கித் தந்தார். அதிகாரியும் இரண்டு தின்றார்.

பல வருடங்கள் கழித்து ஒரு புயல், விதி எதையும் படிக்காமல், மரத்தைச் சாய்த்தது. இப்போது அங்கே சிமென்ட் தரை. ஏ.சி.க்காக ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். காலையில் வருகிறவர்கள் யாரும் படியேறுமுன் ஒரு கணம் நின்று மூச்சை இழுத்துக்கொள்வதில்லை. நேரே உள்ளே போய்விடுகிறார்கள்.