பெயர் போடாத அறிக்கை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அருப்புக்கோட்டையிலிருந்து பாலவனத்தம் போகும் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையில் நான் சூப்பர்வைசர். மேலே போக ஆசை. அஞ்சல் வழியில் பணியாளர் மேலாண்மை படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்கு வகுப்புக்குப் போவேன். கடைசி ஆண்டில், வேலைசெய்யும் இடத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தரவேண்டும். பதவி எதுவும் இல்லாமலே மற்றவர்களை வழிநடத்துகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு என்று பாடத்தில் இருந்தது. அப்படி ஒருவரை எனக்குத் தெரியும்.

நூலைக் கூம்புகளில் சுற்றும் பிரிவுக்குப் பரளச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஓர் அக்கா. நாற்பது வயதைத் தாண்டியவர். பிள்ளைக்கு வலிப்பு என்று ஒருத்தி வீட்டுக்கு ஓடினால், அவளுடைய மெஷினை யார் யார் பார்ப்பது என்று இவர் கண்ணாலேயே பிரித்துக் கொடுத்துவிடுவார். உற்பத்தி குறையாது. நானும் கண்டுகொள்ள மாட்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நோட்டும் கையுமாகப் போய்க் கேட்டேன்.

“நீங்க சொன்னா எப்படிக்கா எல்லாரும் கேக்குறாக?”

“நான் எங்க சார் சொல்றேன்? அவளுக்கு ஒண்ணுன்னா நாங்க பாக்குறோம். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அவ பாப்பா.” என் நோட்டைப் பார்த்தார். “இதெல்லாம் எழுதுவீகளா?”

“படிப்புக்குத்தான். பேரு போட மாட்டேன்.”

பெயர் போடவில்லை. ஆனால் பிரிவை எழுதினேன், ஊரை எழுதினேன், வயதை எழுதினேன். பரளச்சியிலிருந்து வந்த அந்த வயதுப் பெண் அங்கே ஒருவர்தான். எழுதும்போதே அது எனக்குத் தெரியும். விவரம் இருந்தால் மார்க் கூடும் என்று நினைத்தேன்.

அறிக்கையில் மேனேஜர் கையெழுத்து வேண்டும். அவர் ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. இன்னைக்கு இவ கண்ணக் காட்டுனா மெஷின மாத்திப் பாக்குறாளுக. நாளைக்குக் கண்ணக் காட்டுனா மெஷின நிறுத்திருவாளுகல்ல?”

‘அப்படிப்பட்டவுக இல்ல சார்’ என்று வாய் வரை வந்தது. பேனா அவர் விரல்களுக்கிடையில் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அக்காவைக் கழிவுப் பஞ்சுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே அவர் ஒருவர்தான். தூசியில் இருமல் பிடித்தது. இரண்டு மாதம் தாங்கினார், பிறகு வேலையிலிருந்து நின்றுவிட்டார். அவசரத்துக்கு மெஷினைப் பார்க்க ஆளில்லாமல், வலிப்புப் பிள்ளையின் தாய் அதற்கு முன்பே நின்றிருந்தாள். அந்தப் படிப்பை வைத்து நான் பெர்சனெல் ஆபீசர் ஆனேன்.

மனசு கேட்காமல் ஒரு வருடம் கழித்துப் பரளச்சிக்குப் போனேன். அக்கா மிளகாய்க் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே, அறிக்கையில் எழுதியதையும் மேனேஜர் கேட்டதையும் சொன்னேன்.

“ஊரு பேர எழுதுனது தப்புதான்க்கா.”

அவர் நிமிர்ந்தார். “எழுதுனது போகட்டும் சார். படிக்கிறவுக எழுதத்தான் செய்வீக. மேனேஜரு கேட்டப்ப, இவ அப்படிப்பட்டவ இல்லன்னு ஒரு வார்த்த சொன்னீகளா?”

“இல்ல.”

“வெயிலேறுது. நெழலுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மத்தியான பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.