மாடியில் ஒலிக்காத கார்ட்லெஸ் போன்

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் வரவேற்பாளராக இருக்கிறேன். அறைகளிலிருந்து தங்குபவர்கள் அழைத்தால், என் மேஜையிலுள்ள கார்ட்லெஸ் போன் ஒலிக்கும். வயர்தான் இல்லையே, செல்போனைப் போல எங்கே கொண்டுபோனாலும் ஒலிக்கும் என்று நம்பியிருந்தேன்.

அன்று விடியற்காலை, சூரிய உதயம் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பத்துக்கு வழிகாட்ட, போனையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. யாருக்கும் எதுவும் வேண்டாம்போல என்று நானும் நிம்மதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்தால் வாசலில் ஆட்டோ! முதல் மாடியில் தனியாகத் தங்கியிருந்த பெரியவரை, எங்கள் சமையல்கார செல்வி அக்கா கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, எங்க போன? நெஞ்சு வலிக்குன்னு உன்னைய கூப்பிட்டிருக்காரு. அடுக்களையில எனக்கு போன் அடிக்கு!"

மாடியில் சிக்னல் எட்டாததால், அழைப்பு தானாகவே சமையலறையில் இருந்த இன்னொரு போனுக்குப் போயிருக்கிறது. அப்படி அமைத்துக் கொடுத்த மெக்கானிக்கிடம், "அடுக்களைக்கு எதுக்கு அண்ணே போன்?" என்று சலித்துக்கொண்டவள் நான்தான்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்த மெக்கானிக்குக்கும் அக்காவுக்கும் என் நன்றி தீராது.

இப்போது அந்த போனை வரவேற்பறைக்கு வெளியே நான் கொண்டுபோவதில்லை. தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் சமையலறைக்கு ஓர் அழைப்பு போடுகிறேன். "கேக்கு மக்கா, நான் இங்கதான் இருக்கேன்" என்று அக்கா சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்காருகிறேன்.