வெறும் காற்றில் ஒரு நெற்றி

சாத்திய ஜன்னல் இடுக்குகளில் மதிய வெயில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்த அந்த அறையும், அதன் நடுவில் அமர்ந்து யாருமில்லாத இடத்தில் ஒரு நெற்றியை வருடிக்கொண்டிருந்த என் தோழியின் கையும் இன்றும் எனக்குக் கனவில் கண்டவை போலவே தோன்றுகின்றன. அவள் கண்களைக் கறுப்புக் கண்ணாடி ஒன்று முழுவதுமாக மூடியிருந்தது. விழுப்புரம் அருகே நாங்கள் படித்த நர்சிங் கல்லூரிக்கு அப்போதுதான் அந்த வி.ஆர். கருவி வந்திருந்தது. மாட்டிக்கொண்டால் வெற்று அறை மறைந்து ஒரு வார்டு விரியும். கட்டிலில் நோயாளி இருமுவார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கையிலுள்ள விசையை அழுத்தி ஊசி போடலாம், ஆக்சிஜன் வைக்கலாம். தப்புச் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். நாங்கள் சிரித்துக்கொண்டேதான் அதில் பழகினோம்.

தோழி பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து வந்தவள். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். முதல் வார்டுப் பயிற்சியில் அவள் நாடி பார்த்துக்கொண்டிருந்தபோதே வயதான அம்மா ஒருவருக்கு மூச்சு அடங்கத் தொடங்கியது. பிழைப்பது கடினம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். யார் மேலும் குற்றமில்லை. ஆனால் அந்தக் கண்கள் தன்னையே பார்த்ததைத் தாங்க முடியாமல் இவள் கையை உதறிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். மறுநாள் பையோடு பயிற்சி அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஊருக்கே போறேன் மேடம். எனக்கு இது ஒத்துவராது" என்றாள். சற்றுத் தயங்கி, "அந்தம்மா மாதிரி ஒரு கேஸ் இந்தக் கண்ணாடில இருக்குதுங்களா? ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்" என்று கேட்டாள்.

பயிற்சி தரும் எங்கள் மேடம் அவளுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார். கடைசி நேரத்தில் இருக்கும் நோயாளியைக் கவனிக்கும் பாடம் அது. அவள் பார்ப்பதைச் சுவரிலிருந்த திரையில் நாங்களும் பார்த்தோம். தலைமாட்டை உயர்த்தினாள், உதட்டை நனைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்கம்மா, நான் இங்கியேதான் குந்திக்கினு இருக்கேன்."

ஊரில் மழை பெய்ததை, மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போனதை, ஏதேதோ மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டேயிருந்தாள். திரையில் மூச்சு இறங்கி இறங்கி நின்றது. பாடம் முடிந்ததென்று மணி ஒலித்தது. நெற்றியை வருடிய அவள் கை மட்டும் நிற்கவில்லை. எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. "இந்தத் தடவ ஓடலைங்க மேடம்" என்றாள்.

பையைத் திரும்ப ஹாஸ்டலில் வைத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் என்னோடு வார்டுக்கு பஸ் ஏறினாள். இப்போது அவள் திண்டிவனத்தில் நர்ஸ்; நான் எங்கோ தொலைவில். போனில் பேசினால் தூக்கம் போதவில்லை, சாம்பார் தீய்ந்துவிட்டது என்பாள். எனக்கோ அந்தக் காலைதான் நினைவில் நிற்கிறது. அன்று அந்த வயதான அம்மாவின் மூச்சு அடங்கிய அதே கட்டிலில் வளவனூர்க்கார அம்மா ஒருவர் படுத்திருந்தார். கையை நீட்டச் சொன்னவளை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, புதுசா வந்த பொண்ணா நீ?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா, இங்க இருக்கறவதான்" என்றபடி நாடியில் விரல் வைத்தாள்.