சேலை வேலிக்குள் ஒரு மான்

மாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை 5.40. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். செஞ்சிக்கு டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். பக்கத்து இருக்கைக்காரர், "கோட்டை பாக்கப் போறீங்களா?" என்றார். மான் பார்க்க என்றேன். "அதுக்கு எதுக்கு சார் செஞ்சி? வண்டலூர் இங்கயே இருக்குதே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

என்னைக் கூப்பிட்டவர் ஏழுமலை. எங்கள் அலுவலகத்தில் எட்டு வருடம் வாட்ச்மேனாக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, ஊரில் இருக்கும் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை போடப் போனார். வேர்க்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். போன போகம் முழுவதையும் மான்கள் மேய்ந்துவிட்டன. "நீங்க பேப்பர்ல எழுதறவரு. ஒரு தபா வந்து பாத்துட்டு எழுதுங்க சார். இதுவும் போச்சின்னா நெலத்த வுட்டுட்டு மறுபடியும் உங்க கேட்டுல வந்து நிக்க வேண்டியதுதான்" என்று போனில் சொல்லியிருந்தார்.

9.20. செஞ்சி. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். பாக்கம் மலைக்காட்டை ஒட்டிய ஊர், பதினோரு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். ஊர்ப் பெயரை எழுதாததற்குக் காரணம் பின்னால் தெரியும். ஆட்டோக்காரரிடம் மான் பற்றிக் கேட்டேன். "ரேஷன் கார்டுதான் சார் குடுக்கல அதுங்களுக்கு" என்றார்.

ஏழுமலையின் நிலத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மூன்று பக்கமும் குச்சி நட்டுப் பழைய சேலைகளை நீளவாக்கில் கட்டியிருந்தார்கள். பூப்போட்டவை, கட்டம்போட்டவை, ஜரிகை உதிர்ந்தவை. காற்றில் துணி படபடத்தால் மான் கிட்டே வராது. ஏழுமலையின் மனைவி செல்வி, சொந்தக்காரர் வீடுவீடாகக் கேட்டு வாங்கி வந்தவை அவை. அவற்றில் அவருடைய கல்யாணச் சேலையும் இருந்தது. பதினைந்து நாளாக ஒரு குளம்படி இல்லை. செடிகளில் பிஞ்சு பிடித்திருந்தது.

நாலாவது பக்கம் கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத, தரையோடு தரையாக வாய் திறந்த கிணறு. அந்தப் பக்கம் ஏன் கட்டவில்லை என்று கேட்டேன்.

"மோட்டாருக்குப் போக வர வழி வேணும் சார். கெணத்துப் பக்கம் மானு வராது" என்றார் ஏழுமலை.

"சேலையும் தீந்துபோச்சி" என்றார் செல்வி.

அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

மாலையில் பக்கத்து நிலத்துக்காரர் பரசுராமன் வந்து உட்கார்ந்தார். அறுபது தாண்டியவர். அவர் அப்பா காலத்தில் காட்டோரம் வலை கட்டி, நாய்களை ஏவி, மானை ஓட்டிப் பிடிப்பார்களாம். "அப்ப மல்லாட்டையும் இருந்துது, மானும் இருந்துது. இப்ப கைய வெச்சா ஜெயிலு. இன்னா பண்றது?" என்றார். வேட்டையைத் தடுத்த சட்டம் சரியானதுதான் என்று நான் நீளமாக விளக்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை 6.15. நாய்கள் குரைக்கும் சத்தம் கேட்டு, ராத்திரி தங்கியிருந்த ஏழுமலை வீட்டிலிருந்து நானும் அவரும் செல்வியும் நிலத்துக்கு ஓடினோம். செஞ்சிப் பக்கத்துக் குப்பைமேட்டில் வளர்ந்து, கூட்டமாகக் காட்டுப் பக்கம் வந்துவிட்ட நாய்கள். ஐந்தாறு இருக்கும். அவை துரத்தி வந்த வேகத்தில் ஒரு பெண்மான் சேலையைத் தாண்டிப் பயிருக்குள் குதித்திருந்தது. நாய்கள் சேலைக்கு அடியில் நுழைந்து பின்னால் வந்தன. மானுக்கு வெளியே போக வழி தெரியவில்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் சேலை படபடத்தது. மிரண்டு திரும்பியது. மூன்று பக்கமும் முட்டிவிட்டு, திறந்திருந்த பக்கம் பாய்ந்தது. விழுந்த சத்தம் கேட்டது. பரசுராமனும் ஓடி வந்தார்; நாய்களைக் கல்லெறிந்து விரட்டினோம்.

நாற்பதடி ஆழம். தண்ணீரில் மான் சுற்றிச் சுற்றி நீந்தியது. கல்லில் கால் வைக்கப் பார்த்து வழுக்கியது. ஏழுமலை கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். "நான் எறங்கறேன் சார். நீங்களும் பரசுராமன் மாமாவும் புடிச்சிக்குங்க. தூக்கிடலாம்."

நான்தான் தடுத்தேன். வனத்துறைக்குப் போன் செய்தேன். வருகிறோம், எதையும் தொடாதீர்கள் என்றார்கள். "இறங்காதீர்கள் ஏழுமலை, தொட்டால் கேஸ் ஆகிவிடும்" என்று படித்தவன் தோரணையில் சொன்னேன்.

பரசுராமன் என்னைப் பார்க்காமல் ஏழுமலையிடம் பேசினார். "தூக்குனா இப்பவே தூக்கு. இல்ல, செத்தப்புறம் எடுத்து ஊரோட முடிச்சிக்கலாம். போன் போட்டது தப்பு."

ஏழுமலை என் முகத்தையே பார்த்தார். கயிற்றை அவிழ்த்தார்.

8.05க்கு மான் நீந்துவதை நிறுத்தியது. ஜீப் வந்தது 8.50க்கு.

வந்த வனவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். கிணற்றையும் சேலைகளையும் மாறிமாறிப் பார்த்தார். "மூணு பக்கம் துணி, ஒரு பக்கம் கெணறு, நடுவுல நாயி. இது வலை கட்டி ஓட்டற வேலை மாதிரி இல்ல இருக்குது?" என்றார். பயிரைக் காக்கக் கட்டியது என்று நான் குறுக்கிட்டேன். "நீங்க யாரு?" என்றார். நேற்று ஏழுமலை வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன் என்றேன். "நேத்து விருந்தாளியா வந்தீங்க. இன்னிக்கி மான் வுழுந்துது" என்றார்.

கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்த பிறகு, யாரும் கறிக்கு எடுத்துப்போகாதபடி அங்கேயே விறகடுக்கி எரித்தார்கள். புகையின் வாசனை பசியைக் கிளப்பியது. அதற்காக என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

எரிந்துகொண்டிருந்தபோது வனவரிடம் கேட்டேன்: பெருகினால் யார்தான் குறைப்பது? "வேட்டைய நிறுத்திட்டோம். சிறுத்தை எப்பவோ போச்சி. இப்ப கொறைக்கறது நாயும் கெணறும் ரோட்டு லாரியும்தான் சார். அதுங்களுக்கு எந்த சட்டம்? குட்டி எது, சினை எதுன்னு பாக்குமா?" என்றார்.

போகும்போது சேலைகளை எல்லாம் அவிழ்த்துச் சுருட்டி, சாட்சிப் பொருள் என்று ஜீப்பில் ஏற்றினார்கள். "அதுல என் கல்யாணச் சேல இருக்குது சார்" என்றார் செல்வி. "விசாரண முடிஞ்சதும் வாங்கிக்கலாம்மா" என்றார் வனவர். ஏழுமலையைச் செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு வரச்சொன்னார்.

மாலை 5.30. பஸ்ஸுக்குப் புறப்படுமுன் நிலத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடந்தோம். மூன்று பக்கமும் வெறும் குச்சிகள். வெளிச்சம் போவதற்கு முன்பே ஏழு மான்கள் வந்து பயிருக்குள் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. செடியைக் கடித்து இழுக்கும் சத்தம் வரப்புவரை கேட்டது. நான் கல்லை எடுத்தேன். ஏழுமலை கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம் சார். வெரட்டுனா எங்கனா போயி வுழும்."

போன் செய்யாமல் இருந்திருக்கலாம், அவரை இறங்க விட்டிருக்கலாம், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் பயிரைப் பார்த்தபடி வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

செல்வி மட்டும் வரப்பைச் சுற்றிக்கொண்டு, மான்கள் மிரளாதபடி மெல்ல நடந்து போனார். கிணற்றோரம் போய், அதற்கும் மான்களுக்கும் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். மான்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தின்னத் தொடங்கின. அவை தின்று முடிக்கும்வரை அவர் அப்படியே நின்றார்.