வாசல் வேம்பின் கொழுந்து

மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாங்க. எங்க வூட்டுக்கு மச்சு ஏது, ஓலைக் கூரைதான். பனி நேரா ஆளைத்தான் துளைக்கும். அந்தக் குளிர்ல எழுந்து வாசலைப் பெருக்கி நிமிர்றதுக்குள்ள, வேப்ப மரம் இன்னொரு கூடை சருகைக் கொட்டி வெச்சிருக்கும். வூட்டுக்காரரு லாரியில மூட்டை ஏத்துற வேலைக்குப் பட்டணம் போனா, வாரத்துக்கு ஒரு தரம்தான் தலையைக் காட்டுவாரு. கழனி, நாலு ஆடு, நாலு வயசுப் பொண்ணு, எல்லாம் என் தலையில.

அந்த வருஷம் தை கடைசியில எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. எப்படியும் உதிரப்போற இலைதானே, ஆடாவது தின்னட்டும்னு கத்தியை எடுத்து ஒரு கிளை விடாம கழிச்சுப் போட்டேன். வாசல் சுத்தமா கெடந்துச்சு. அப்பாடான்னு இருந்தது, பொய் சொல்லல.

பத்து நாள் கழிச்சு பொண்ணுக்கு அம்மை. உடம்பு பூரா முத்து. வாசல்ல சொருக, பாயில பரப்ப, அரிக்கிற எடத்துல தடவ, எல்லாத்துக்கும் வேப்பிலைதான் வேணும். ஊர் மரமெல்லாம் மாசிக்கு இலையை உதிர்த்துட்டு நிக்குது. பக்கத்து வூட்டு அக்கா எட்ட நின்னு, வாசல் மரத்தை மொட்டையடிச்சா ஆத்தா எங்கடி வந்து உக்காருவான்னு கேட்டுட்டுப் போனாங்க. நான் கூடையை எடுத்துக்கினு கெளம்பிட்டேன்.

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் நடந்ததுல, பள்ளத்துல ஒரு சின்ன மரம் மட்டும் இலையோட நின்னுது. தினமும் அங்க நடை. ஒரு வாரத்துல அதுவும் தீந்துபோச்சு. பொண்ணு கண்ணைத் தொறக்காம, "தடவும்மா, தடவும்மா"ன்னு முனகிக்கினே கெடந்தா.

தலைக்குத் தண்ணி ஊத்துற நாள் வந்துது. வேப்பிலை போட்டு வெயில்ல வெச்ச தண்ணியை ஊத்தினாத்தான் ஆத்தா எறங்குவா. இலை இல்லாம ஊத்த எனக்குத் தைரியம் இல்ல. விடிஞ்சதும் வெளிய வந்து பாத்தா, நான் கழிச்சுப்போட்ட மரத்துல, வெட்டுவாய்க்குப் பக்கத்துல எல்லாம் செக்கச்செவேல்னு கொழுந்து. விரல் நீளம்கூட இல்ல. பனித்தண்ணி சொட்டிக்கினு இருந்துது. அழுதுகினே ஒண்ணு விடாம கிள்ளினேன்.

பொண்ணு பொழைச்சுக்கிட்டா. மரம் பொழைக்கல. பங்குனி, சித்திரைன்னு குடம் குடமா தண்ணி ஊத்திப் பாத்தேன், பட்டைதான் உரிஞ்சு வந்துது. ஒரு தரம் அலுப்புல மொட்டையடிச்சேன், ஒரு தரம் பயத்துல. எந்த மரம் தாங்கும்?

அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. கல்யாணம் ஆகி, கோடையில புள்ளைங்களோட வரும்போதெல்லாம் வாசல் வெயிலைப் பாத்து அலுத்துக்குவா. "இன்னாம்மா நீ, இத்தினி வருஷத்துல இங்க ஒரு மரம் வெக்கணும்னு தோணலயா உனக்கு?"

சருகு பெருக்க என்னால ஆவாதுன்னு சொல்லிடுவேன்.