கச்சையைப் பிடித்துக்கொண்ட பலா மேசை

"ஓரத்தை எப்ப நேரா வெட்டுவீங்க?"

எங்கள் கொல்லைக்கு வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காவைக் கேட்டால், "மரம் இப்படித்தான் வளர்ந்துச்சு. அதைத் திருத்த நான் யாருடி?" என்பாள்.

அக்கா இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவள். அதனால் எங்கள் ஊர் முக்கோனோவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் நாலோங்கோ, அதாவது இரட்டையரின் தாய். பகலில் ஊராருக்குத் தலைமுடி பின்னுவாள். கை ஓய்ந்ததும் கொல்லையில் பலகை இழைப்பாள். விழுந்த மரம் எங்கே கிடந்தாலும் அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். அடிமரத்தை நீளவாக்கில் அறுத்து வாங்கி, ஓரத்து வளைவை அப்படியே விட்டு மேசை செய்வாள். ஆனால் ஒரு மேசைகூட எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதில்லை. எங்கள் கோழி மேசைமேல்தான் முட்டையிட்டது.

அண்ணன் கசோஸிக்குப் பெண் அமைந்தது. பெண் வீட்டில் நடக்கும் அறிமுக விழாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் பரிசுகளோடு போக வேண்டும்.

"பரிசா நான் சோபா வாங்கிட்டுப் போறேன் அக்கா. உன் மேசையப் பாத்தா, பாதி வேலையில ஓடிவந்துட்டோம்னு நினைப்பாங்க."

"மேசைதான் போகும். அவங்க திருப்பி அனுப்பிட்டா என் மரம் தேய்க்கிற கிரைண்டரை வித்துடு. அப்புறம் நான் மரத்தையே தொடல."

"சாட்சி?"

"இதோ, இவதான்" என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

நன்றாக உலர்ந்த பலகையைத்தான் எடுத்தோம். கால் பொருத்தும்போது அது நடுவில் பிளந்தது. மிச்சமிருந்தது புதிதாக அறுத்த பலா. மஞ்சள் என்றால் கண்ணைப் பறிக்கும் மஞ்சள்! நான் உப்புத்தாள் தேய்த்தேன், அக்கா இழைத்தாள். "பட்டையத் தொடாத, அதுதான் அழகு" என்று அதன்மேலேயே வார்னிஷ் பூசினாள். கையில் எண்ணெய் தடவாமல் பலாப்பழத்தைத் தொடாதவர்கள் நாங்கள். அந்த மரத்துக்கும் பால் உண்டு என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

விழாவன்று கொளுத்தும் வெயில். பந்தலின் ஓரத்தில் வாழைத்தார்கள், சர்க்கரை மூட்டைகள், ஒரு ஆடு. நடுவில் மேசை. முறைப்படி எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் முழங்காலிட்டிருந்தோம்.

பெண் வீட்டுப் பேச்சாளர் மேசையைச் சுற்றி வந்தார். "என்னய்யா, ரம்பம் பாதியில ஒடஞ்சு போச்சா?"

பந்தலே சிரித்தது. அண்ணன் என்னை முறைத்தான். அக்கா தலை நிமிரவில்லை.

எங்கள் பேச்சாளர் விடவில்லை. "உங்க பொண்ணு சிரிச்சா உதடு நேராவா இருக்கு? வளைஞ்சாத்தானே அழகு!"

பரிசு உள்ளே போகுமா, வண்டிக்கே திரும்புமா என்பது மணப்பெண்ணின் அத்தை கையில் இருந்தது. பெரிய உடம்பு, பட்டு உடை, இடுப்பில் அகலமான கச்சை. எழுந்து வந்தார். மேசை ஓரத்தில் சாய்ந்து பலகையைத் தடவிப் பார்த்தார். "ம்ம்" என்று திரும்பினார். கச்சை திரும்பவில்லை.

இழுத்தார். மேசை ஒரு அடி பின்னால் வந்தது. வேகமாக நடந்தார். மேசையும் நடந்தது. ஆடு கத்தியது.

அண்ணன் துள்ளி எழுந்தான். "இழுக்காதீங்க அத்தை! பலாப்பால்!"

அங்கே மாப்பிள்ளை வாயைத் திறக்கவே கூடாது. அவனுக்காகப் பேசத்தான் பேச்சாளர்.

"பேசிட்டான்! மாப்பிள்ளை பேசிட்டான்! அபராதம்! இன்னொரு ஆடு கொண்டா!" என்று கத்தினார் பெண் வீட்டுப் பேச்சாளர்.

அக்கா சமையல் பந்தலுக்கு ஓடி எண்ணெயோடு வந்தாள். முழங்காலிட்டுப் பிசினில் தடவினாள்.

"யாரு செஞ்சது?" என்றார் அத்தை.

"நான்தாங்க."

"பட்டைய ஏன் உரிக்கல?"

"அழகா இருக்கேன்னு விட்டேங்க."

"அழகுதான். அது பிசினுக்குத் தெரியுமா?"

அத்தைக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. அவர் குலுங்கக் குலுங்க, ஒட்டியிருந்த மேசையும் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "மத்த பரிசையெல்லாம் நாங்கதான் தூக்கிட்டுப் போகணும். இது தானாவே எங்கூட வருது. இதை எப்படித் திருப்பி அனுப்புறது?"

பெண்கள் குலவையிட்டார்கள். நான் முழங்காலிட்டிருந்ததை மறந்து குதித்தேன்.

கிரைண்டர் அக்காவிடமே இருக்கிறது. பிறகு அவள் சம்பந்தி வீட்டுக்குப் போய் பட்டையை மட்டும் உரித்துவிட்டு வந்தாள், வளைவைத் தொடவில்லை. திரும்பும்போது அத்தை தனக்கும் ஒரு மேசை கேட்டிருந்தார். இப்போது யாராவது ஓரத்தை எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும்: வெட்ட மாட்டோம், உரிப்போம்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வீட்டில் பலாப் பலகை இழைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள். வார்னிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.