மூன்று டிஸ்சார்ஜ்

முதலில் கண்ணில் பட்டது தலையணை உறைதான். இடது ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது. தைலம் தேய்த்துப் படுத்திருப்பார் என்று துவைத்துப் போட்டேன். அடுத்த வாரமும் அதே இடத்தில் கறை. மோந்து பார்த்தேன். தைல வாசனை இல்லை.

அவருடைய சேவைக் காலம் முடிந்து வீட்டுக்கு வர வேண்டிய சமயத்தில்தான் எல்லையில் சண்டை மூண்டது. போக வேண்டியவர்களையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் ஒரு குண்டு இவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்தது. உடம்பில் கீறல்கூட இல்லை என்று போனில் சொன்னார். அன்றைக்கே மைசூரிலிருந்து பஸ் ஏறி, நஞ்சன்கூடு போய் நஞ்சுண்டேஸ்வரன் முன்னால் விழுந்து கும்பிட்டேன். காதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

சண்டை ஓய்ந்ததும் பேட்ச் பேட்ச்சாக டிஸ்சார்ஜ் கொடுத்து விடுவித்தார்கள். அனுப்பும் முன் டாக்டர்கள் பரிசோதிப்பார்கள். குறை சொன்னால் ராணுவ ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். கூட இருந்தவர்கள் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். இடது காதைச் சோதித்தபோது இவர் வலது காதை விரலால் அடைப்பதுபோல் பாவனை செய்து சமாளித்தாராம். "தீக் ஹை சாப்." நல்லா இருக்குங்க ஐயா என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ரொம்பப் பின்னால்.

வீட்டில் நான் கத்த ஆரம்பித்தேன்.

"ஏம்புள்ள கத்தறே? நான் என்ன செவிடா?"

"இல்லீங்க மகாராஜா, இது மூணாவது தடவை. சோறு ஆறுது."

ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துவிடுவார். "பாரு, காது சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

"புஸ்தகத்துக்குக் காது நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் கேக்கலை."

ஒரு சனிக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு ரோட்டைக் கடந்தோம். இடது பக்கமிருந்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இவர் பாட்டுக்கு நடந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் தெறித்து விழுந்தது. சண்டைக்குப் போய்த் திரும்பிய மனிதர், ஒரு பஸ் கடந்து போன இடத்தைப் பார்த்துக்கொண்டு வெளுத்துப்போய் நின்றார். "திங்கக்கிழமை போலாம்" என்றார்.

டாக்டர் ஒரு பெண். கன்னடத்தில் கேட்டார்: "கிவியிந்த டிஸ்சார்ஜ் பருத்தா?" காதிலிருந்து சீழ் வருகிறதா என்று. இவர் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்தது மேடம். சண்டை நின்ன ரெண்டாவது மாசம்."

"எவ்வளவு வந்தது?"

"ஒரே பேட்ச்சுல நாப்பது பேர், மேடம்."

நான் சிரித்துவிட்டேன். டாக்டரும் சிரித்தார். அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் இவர் விரலால் சமாளித்த கதையை டாக்டரிடம் சொன்னார். நானும் அப்போதுதான் முதல்முறை கேட்டேன்.

குண்டுச் சத்தத்தில் செவிப்பறை (காதுக்குள் இருக்கும் மெல்லிய தோல்) கிழிந்து, அந்த ஓட்டையில் சீழ் பிடித்திருந்தது. முதலில் சொட்டு மருந்து போட்டுச் சீழைக் காயவைத்தார்கள். பிறகு ஆபரேஷன். காதுக்கு மேலே தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையில் ஒட்டுவார்கள். "ஓட்டை மூடும். உள்ளே நரம்பு கெட்டது திரும்பாது" என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதுவே எனக்குத் தெம்பாக இருந்தது. மூடுவதை டாக்டர் பார்த்துக்கொள்வார், மீதியை நஞ்சுண்டேஸ்வரன் பார்த்துக்கொள்வார் என்று திருநீறு பூசி உள்ளே அனுப்பினேன்.

மறுநாள் நர்ஸ் வந்து, "சார், இவத்து டிஸ்சார்ஜ்" என்றார். இன்றைக்கு வீட்டுக்குப் போகலாமாம். நான் பையைக் கட்டிவிட்டேன். இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், இந்தத் தடவை உண்மையைச் சொல்லிடறேன். தலை சுத்துது."

இன்னும் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். எனக்கு அந்த ஒரு நாள்தான் ஆபரேஷனைவிடப் பெரிதாகப் பட்டது.

உங்கள் வீட்டிலும் இந்த ஆபரேஷன் என்றால் ஒன்று சொல்கிறேன். டாக்டர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலைக்கு ஊற்றக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. இவர் இத்தனையையும் பட்டாளத்து உத்தரவு மாதிரி கடைப்பிடித்தார்.

மூன்று மாதம் கழித்துச் செவித்திறன் சோதனை (மூடிய அறையில், சத்தம் கேட்டதும் பொத்தானை அமுக்குவது). இவர் படபடவென்று அமுக்கினார். அங்கிருந்த பெண், "சார், கேட்டா மட்டும் அமுக்குங்க. இது பரீட்சை இல்லை" என்றாள். அதற்கப்புறம் நிதானமாக அமுக்கினார். போன சத்தத்தில் பாதிக்கு மேல் திரும்பியிருந்தது. தூரத்தில் ரைஸ் மில் ஓடுவது மாதிரி ஓர் இரைச்சல் மட்டும் காதோடு தங்கிவிட்டது. அதோடு வாழப் பழகிவிட்டார்.

பழகாதது என் தொண்டைதான். சண்டை முடிந்த செய்தி அதற்கு எட்டவேயில்லை. பால்காரரிடம், பக்கத்து வீட்டில், எங்கும் சத்தம்தான். நடக்கும்போது என் கால் இன்னும் தானாக அவருடைய இடது பக்கம் போய்விடுகிறது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில், பூஜை அலமாரி முன்னால் நின்று வாய்விட்டே அவரைப் பற்றிச் சாமியிடம் புகார் சொல்வேன். போன பிரதோஷத்தன்று விளக்கேற்றிக்கொண்டே, "அப்பா, இந்தப் பிடிவாதக்கார மனுஷனுக்குக் கொஞ்சம் புத்தியைக் குடு" என்று முணுமுணுத்தேன்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "எல்லாம் கேக்குது புள்ள."

கையிலிருந்த தீக்குச்சி விரலைச் சுடும்வரை அப்படியே நின்றேன்.

நஞ்சைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்ட சாமி நஞ்சுண்டேஸ்வரன். நானும் இப்போது என் புகாரைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்கிறேன். அவருக்குக் கேட்கும்.